குமுதவல்லியின் மே மாதப் பட்டியல்

ஏப்ரல் இருபது தாண்டிவிட்டால் குமுதவல்லியின் செல்போன் சும்மா இருக்காது. போன மாதமும் அப்படித்தான். முதல் ஆளாக மேல் மாடி பத்மஸ்ரீதான் வந்து நின்றாள். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். வடக்கே சுற்றுலா போகிறார்களாம், ரயிலிலேயே இரண்டரை நாள்.

"மாமி, கீழ வைக்க முடியாதபடி ரெண்டு புஸ்தகம் சொல்லுங்கோ. போனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு."

"ராஜா காலத்துக் கதையா, கொலைக் கதையா?"

"ரெண்டும் சேர்ந்தாப்பல இருந்தா?"

"அதுக்குத் தனியா ஒரு பக்கமே இருக்கு" என்று சொல்லி, குமுதவல்லி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

நூலகராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். பழைய துறைமுகத்தை ஒட்டிய கிளை நூலகத்தில்தான் அதில் பெரும்பகுதி கழிந்தது. நோட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒன்றிரண்டு வரிதான் எழுதியிருப்பாள். 'கோட்டைக் கிணறு: பாளையக்காரர் காலம். முதல் முப்பது பக்கம் பொறுத்துக்கொள்ளவும். அதற்கப்புறம் அடுப்பில் பால் வைத்துவிட்டு இதைக் கையில் எடுக்க வேண்டாம்.' 'பதினோராம் நம்பர் அறை: திருச்செந்தூர் லாட்ஜில் ஒரு சாவு. லாட்ஜில் தங்கப் போகிறவர்கள் ஊர் திரும்பியபின் படிக்கவும்.' இப்படி.

பத்மஸ்ரீ சிரித்துக்கொண்டே பக்கங்களைப் போனில் படம் எடுத்தாள். "இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சேள் மாமி?" என்று கேட்டாள்.

குமுதவல்லி காபி கலக்கப் போகிற சாக்கில் எழுந்து உள்ளே போனாள். எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தேதியோடு தெரியும். ஆனால் பால் காய்வதற்குள் சொல்லி முடிக்கிற கதையில்லை அது.

தென்திருப்பேரையில் பிறந்தவள். அப்பா ஹயக்ரீவன் பள்ளிக்கூட வாத்தியார். பாசுரம், இலக்கணம் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடமாட்டார். மர்ம நாவலை 'கண்றாவி' என்பார். பக்கத்து வீட்டில் வாங்கிய கண்றாவிகளையெல்லாம் நிகண்டுக்கு நடுவில் வைத்துப் படித்து வளர்ந்தாள் குமுதவல்லி. கல்யாணம் ஆனதும், அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்த ஸ்ரீவத்சனோடு தூத்துக்குடிக்கு வந்தாள். எண்பத்தொன்பதில் நூலக வேலை கிடைத்தது.

அந்தக் கிளை நூலகம் ஒரு பழைய உப்புக் கம்பெனியின் வாடகைக் கட்டிடம். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடையும் தார் வாடையும் சேர்ந்து வரும். சுவரில் சுண்ணாம்பு நிற்காது, உப்புப் பூத்து உதிரும். தினமும் காலையில் அவள் செய்கிற முதல் வேலை, கீழ்த்தட்டுப் புத்தகங்களை எடுத்து உதறித் துடைப்பது. வருகிறவர்களெல்லாம் பேப்பர் படிக்கிறவர்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க வருகிறவர்களும் உண்டு.

மே மாதக் கடைசியில் காற்று மாறும். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகள் எல்லாம் அப்போது கரையில் கட்டிக்கிடக்கும். பிறகு செப்டம்பரில்தான் ஓட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மே மாதத்தோடு விடுமுறை முடிந்தால், தோணிக்காரர்களுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். தோணிப் பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற கலப்பத்து வேலை, பாய் தைப்பது என்று காலையில் ஏதாவது இருக்கும். மத்தியானத்துக்கு மேல் பொழுது போகாது. அவர்களில் சிலர் நூலகத்துக்கு வந்து, பேப்பரை விளம்பரம் வரை படித்து முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் அவர்களில் ஒருவரிடம் குமுதவல்லி ஒரு புத்தகத்தை நீட்டினாள். பவுல் என்று பேர். தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். நாற்பத்தைந்து வயது. கை இரண்டும் கயிறு மாதிரியே முறுக்கேறியிருக்கும்.

"நமக்கு எதுக்கு லைப்ரரிம்மா இதெல்லாம்?" என்றார் பவுல்.

"பத்துப் பக்கம் இங்கேயே உக்காந்து படிங்க. பத்தாவது பக்கத்துல எந்திரிக்க மனசு வந்தா, மேஜையில வச்சிட்டுப் போங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அன்று நூலகம் பூட்டுகிற நேரத்துக்கு அவள்தான் அவரை எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் செப்டம்பருக்குள் மர்ம நாவல் அடுக்கும் சரித்திர நாவல் அடுக்கும் காலி. அடுத்த வருஷம் மே மாதம் வந்ததும் அவளே ஒரு தாளில் பட்டியல் எழுதி வாசல் கதவில் ஒட்டினாள். அதுதான் முதல் பட்டியல்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தக் கதையின் முடிவையும் யாருக்கும் சொல்லமாட்டாள். "யாரு கொன்னான்னு மட்டும் சொல்லுங்க, நிம்மதியா உறங்குவேன்" என்று கெஞ்சினாலும், "அப்ப உறங்காதீங்க" என்றுதான் பதில் வரும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பவுலுக்கு அவள் எடுத்துக் கொடுத்தது 'ஏழாம் பார்' என்ற தடித்த நாவல். யாரோ புனைபெயரில் எழுதியது. டச்சுக்காரர் காலத்து முத்துக்குளிப்புதான் களம். பார் என்றால் கடலடியில் முத்துச் சிப்பி விளைகிற திட்டு. ஏழாவது பாரில் எடுத்த ஒரு பெரிய முத்து காணாமல் போகிறது, காவலாளி ஒருவன் செத்துக் கிடக்கிறான், பழி சந்தியாகு என்கிற தோணிக்காரன் மேல் விழுகிறது. உண்மையான திருடனைத் தேடிச் சந்தியாகு தோணி ஏறிப் போகிறான். அவன் மனைவி கரையில் காத்திருக்கிறாள்.

பவுல் அந்தப் புத்தகத்தை வீட்டில் சத்தமாகப் படித்தார். அவர் மனைவி அற்புதமணி மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான், ஆனால் மூன்று பிள்ளைகளையும் வீட்டையும் வைத்துக்கொண்டு அவளுக்குப் புத்தகத்தைத் தொட நேரமில்லை. பாதிக் கதை நடக்கிறபோதே செப்டம்பர் வந்துவிட்டது. அக்டோபர் மூன்றாம் தேதி மாலத்தீவுக்குத் தோணி புறப்பட வேண்டும். பவுல் நூலகத்துக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"இதைக் கடலுக்குக் கொண்டுபோனா தப்பா லைப்ரரிம்மா? பயலுவளும் கதை கேக்கணுங்கானுவ."

தப்புதான். குமுதவல்லி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் சொந்த உறுப்பினர் அட்டையில் புத்தகத்தை எழுதிக்கொண்டு, "நனையாம கொண்டு வாங்க" என்று கொடுத்துவிட்டாள்.

வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு ஒன்பது பேரோடு தோணி போனது. நாலைந்து நாளில் மாலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏழாம் தேதி போய்ச் சேரவில்லை. எட்டாம் தேதியும் தகவல் இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே பெருங்காற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். பத்தாம் தேதிக்கு மேல் பழைய துறைமுகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பனிமய மாதா கோயிலில் அந்த ஒன்பது வீட்டுப் பெண்களும் முழங்காலில் இருக்கிறார்கள் என்று பேப்பர் படிக்க வந்தவர்கள் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நூலகத்தில் வேறு யாருமில்லை. அற்புதமணி வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. காலில் செருப்பு இல்லை. மேஜைக்கு எதிரே நின்றாள்.

"உக்காருங்க" என்றாள் குமுதவல்லி.

அவள் உட்காரவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கணும். அவிய எனக்குப் பாதிக் கதைதான் சொன்னாவ. மிச்சத்தை வந்து சொல்லுதேன்னுட்டுப் போயிட்டாவ. அந்தச் சந்தியாகு கடைசில வீட்டுக்கு வாரானா, இல்லையா?"

அந்தக் கதையில் சந்தியாகு வருவதில்லை. திருடனைக் கண்டுபிடிக்கிறான், முத்தை மீட்கிறான், ஆனால் அவன் தோணி மட்டும் ஆளில்லாமல் ஏழாம் பாரில் வந்து நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் மனைவி அந்தத் தோணியைத் தொட்டுப் பார்க்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் குமுதவல்லியே அழுதிருக்கிறாள்.

'நான் முடிவைச் சொல்லுவதில்லை' என்று சொல்லியிருக்கலாம். அன்று அது வாயில் வரவில்லை. எதிரே நிற்கிறவள் கேட்பது சந்தியாகுவை அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

"வாரான்" என்றாள்.

அற்புதமணி அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எப்படி வாரான்? சொல்லுங்க."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. குமுதவல்லி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத ஓர் அத்தியாயத்தை முழுசாகச் சொன்னாள். தோணி உடைந்து சந்தியாகு ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தது, கீழவைப்பார்க் கரையில் சங்கு குளிக்கிறவர்கள் அவனைக் கண்டது, மூன்று நாள் அவனுக்குப் பேச்சு வராமல் இருந்தது, பிறகு கரையோரமாகவே நடந்து ஊருக்கு வந்தது. வீட்டு வாசலில் நின்று அவன் முதலில் தண்ணீர் கேட்டான் என்றாள். குடம் தூக்கி வந்தவள் ஆளை அடையாளம் தெரியாமல், "எந்த ஊருய்யா?" என்று கேட்டாள் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த அற்புதமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் குமுதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்ரீவத்சனிடம் சொன்னாள்.

"ஏன்னா, பொய் சொல்லிட்டேன். ஒருவேளை அவர் வரலைன்னா, அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

ஸ்ரீவத்சன் நாவல் படிக்கிறவர் இல்லை. "வரலைன்னா, நீ சொன்னது பொய்ங்கறதா அவளுக்குப் பெரிசாத் தெரியப் போறது? சாப்பிடு" என்றார். அதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினேழாம் தேதி காலையில் தகவல் வந்தது. குளச்சல் விசைப்படகுக்காரர்கள் நடுக்கடலில் ஒரு தோணியைக் கண்டு இழுத்து வருகிறார்கள். ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அன்று பழைய துறைமுகத்தில் வெடி போட்டார்கள். நூலகத்தில் வழக்கமாகப் பேப்பர் படிக்கிறவர்கள் ஒருவர்கூட வரவில்லை. குமுதவல்லி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் வெறுமனே நின்றிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் பவுல் வந்தார். முகம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. உதடு இன்னும் ஆறவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். பின்னட்டையும் இருபத்தேழு பக்கமும்.

"மன்னிச்சிருங்க லைப்ரரிம்மா. மிச்சத்தை எரிச்சிட்டோம்."

பாய்மரம் முறிந்து, சுக்கான் போய், எஞ்சினில் தண்ணீர் ஏறி, தோணி அதன் போக்கில் போய்க்கொண்டிருந்ததாம். மண்ணெண்ணெய் கடலோடு போய்விட்டது. விறகு ஈரம். ஒரு பெட்டித் தீக்குச்சி மட்டும் அரிசிப் பானைக்குள் இருந்ததால் தப்பியது. அடுப்புப் பற்றவைக்கக் காய்ந்த தாள் என்று தோணியில் இருந்தது 'ஏழாம் பார்' ஒன்றுதான். அது பவுலின் தகரப் பெட்டிக்குள் இருந்தது.

"படிச்ச தாளைத்தான் கிழிச்சோம், யம்மா. படிக்காததுல கை வைக்கல. பகல்ல நான் சத்தமாப் படிப்பேன். எட்டுப் பேரும் சுத்தி உக்காந்து கேப்பானுவ. பயந்து போயி ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாக்காம இருக்கதுக்கு அதாவது இருந்திச்சு. எங்க பண்டாரி மகாராஜன் இருக்கான்லா, சமையல்காரன், அவன் வேற, 'சீக்கிரம் படிங்க தண்டல், கஞ்சிக்குத் தாளு வேணும்'ங்கான். நம்ம வேகமாப் படிச்சா, 'மெதுவாப் படிங்க, கதை தீந்திருமே'ன்னு மத்தவன் சண்டைக்கு வாரான்."

குமுதவல்லி சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது. "மிச்சம் இருபத்தேழு பக்கம்?"

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுப் படிச்சேன்" என்றார் பவுல். அவர் பேச்சில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. "அற்புதமும் பக்கத்துல இருந்தா."

மறுநாளே அற்புதமணி வந்தாள். இந்தத் தடவை தலை வாரி, பூ வைத்து வந்திருந்தாள். ஆனால் முகம் சரியில்லை. பேப்பர் படிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"ஏங்கிட்ட ஏன் பொய் சொன்னிய?"

குமுதவல்லி எழுந்து நின்றாள்.

"அஞ்சு நாளு அக்கா. நீங்க சொன்னதை நம்பி அஞ்சு நாளு கெடந்தேன். மத்த பொம்பளையெல்லாம் அழுதுக்கிட்டு இருக்கா, நான் கொடத்துல தண்ணி எடுத்து வாசல்ல வச்சிட்டு உக்காந்திருக்கேன். எங்க அத்தை எனக்குப் பைத்தியம்னாவ. அவிய வரலைன்னா நான் என்ன ஆயிருப்பேன்? சாவான்னு சொல்லியிருந்தா, மனசைத் தேத்திக்கிட்டாவது இருப்பேன்லா!"

"உங்க முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வரலை" என்றாள் குமுதவல்லி.

அற்புதமணி விறுவிறுவென்று போய்விட்டாள். அதற்குப் பிறகு வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவுல் மட்டும் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் எட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டால், "அது அப்படித்தான், ஆறும்" என்பார். ஆறியதாகத் தெரியவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் பழைய புத்தகக் கடை ஒன்றில் தேடிப் பிடித்து, 'ஏழாம் பார்' இன்னொரு பிரதி வாங்கி அடுக்கில் வைத்தாள் குமுதவல்லி. அடுத்த வருஷம் மே மாதப் பட்டியல் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கதவு வெறுமையாகவே இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே அற்புதமணி வந்து நின்றாள்.

"லிஸ்ட்டு எங்க?"

"இந்த வருசம் எழுதலை."

"ஏன் எழுதலை? தோணியெல்லாம் கட்டியாச்சு. ஊருல இருக்க ஆம்பளையெல்லாம் சும்மா கெடக்கான். எனக்கு ஒரு புஸ்தகம் வேணும்."

"பவுல் அண்ணாச்சிக்கா?"

"எனக்குங்கேன்." அற்புதமணி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "இனும யாரும் எனக்குக் கதை சொல்ல வேண்டாம். அவியளும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். நானே படிச்சிக்கிடுதேன். முடிவு நல்லாருந்தாலும் கெட்டுப்போனாலும் நானே பாத்துக்கிடுதேன்."

குமுதவல்லி அடுக்குகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்று யோசித்து, 'கோட்டைக் கிணறு' எடுத்துக் கொடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்தில் அதை முடிக்க அற்புதமணிக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அடுத்தது பதினைந்து நாள். அதற்கடுத்தது ஆறு நாள். அப்புறம் அவள் தெருவிலிருந்து ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்தில் உறுப்பினர் பதிவேட்டில் முப்பத்திரண்டு பெண் பெயர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மின்விசிறிக்குக் கீழே ஆண்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கொலை செய்தது மைத்துனனா கணக்கனா என்று சத்தமாகத் தர்க்கம் நடக்கும். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே குமுதவல்லி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அடக்கியதேயில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்து, கூடவே கொஞ்சம் வலிக்கும். அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். நூலகம் வேறு தெருவுக்குப் போய்விட்டது, அங்கே உப்புப் பூக்காத நல்ல சுவர். பவுல் எட்டு வருஷத்துக்கு முன், தன் கட்டிலில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஸ்ரீவத்சனுக்குக் காது மந்தம். ஓய்வு பெற்றபின் தென்திருப்பேரைக்கே போய்விடலாம் என்று அவர்தான் சொன்னார். குமுதவல்லிக்கு அதில் மனமில்லை. ஊரில் பெருமாள் இருக்கிறார், தாமிரபரணி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேச ஆள் யார்?

காபியோடு கூடத்துக்கு வந்து, பத்மஸ்ரீக்கு இந்தக் கதையைப் பாதிக்கு மேல் சொல்லியிருப்பாள். போன் அடித்தது. அற்புதமணிதான். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம்.

"ஏக்கா, என்னத்தைப் புஸ்தகம் குடுத்து விட்டிய? நூறு பக்கமா ஒரு அரமனையைச் சுத்திச் சுத்தி வாரான். ஒருத்தனும் சாகல்ல!"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் பொறு."

"என்ன ஆவும் அங்கன?"

"சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கவும் இல்ல" என்றாள் அற்புதமணி. "சும்மா ஒங்களைச் சோதிச்சேன். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுல இருப்பியளா? நண்டு கெடச்சிருக்கு, ஒங்களுக்கு அது ஆவாது. சேவு வாங்கிட்டு வாரேன். அத்தானுக்குப் பல்லு இருக்கா இன்னும்?"

"மேல நாலு இருக்கு."

"அப்ப மஸ்கோத் அல்வா வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். பத்மஸ்ரீ நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எந்தப் புத்தகத்தில் என்று கேட்டாள்.